தண்ணீருக்குத் தெரிந்த ஊர்



எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசிய கதை நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல், அடுத்த மாதம் மினிக்காய் தீவுப் பக்கம் ‘கிளான் கிராண்ட்’ என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதோடு கடலுக்குள் போனவற்றில் ஒரு கண்காட்சியும் இருந்தது. பல நாட்டு நகரங்களின் வரைபடங்கள், படங்கள், திட்ட வரைவுகள் என்று பல வருடங்கள் பாடுபட்டுச் சேர்த்தவை. சேர்த்தவர் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று அவர் வேறொரு கப்பலில் வந்து சேர்ந்துவிட்டார். சேகரிப்பு வந்து சேரவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக இன்னொரு தொகுப்பைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சேப்பாக்கம் செனட் இல்லத்தில் கண்காட்சி நடந்தது.

கெடிஸ் வந்த காலத்தில் நகர மேம்பாடு என்றால், நெருக்கமான தெருக்களுக்கு நடுவே நேர்க்கோடு கிழித்து, குறுக்கே நிற்கும் வீடுகளை இடித்து, அகலமாக ஒரு சாலை போடுவது. மேசையில் விரித்த காகிதத்தில் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். கெடிஸ் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் நடந்தார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு அவர் சொன்ன மாற்று, நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் பாடம். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றலாம். கிடைக்கிற காலி இடங்களை இணைத்து, இருக்கிற சந்துகளையே காற்றோட்டமாக்கலாம். குடியிருப்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். செலவும் குறையும். முதலில் ஊரை அறிந்துகொள், பிறகு திட்டம் போடு என்பதைத்தான் அவர் போன இடமெல்லாம் சொன்னார்.

எடின்பரோவில் கெடிஸ் நடத்திவந்த கோபுரம் ஒன்று உண்டு. அதன் உச்சியில் இருட்டறை. அறையின் நடுவே வெள்ளை மேசை. கூரையில் பொருத்திய கண்ணாடியும் வில்லையும் வெளியே இருக்கும் நகரத்தை அப்படியே அந்த மேசை மேல் விழச் செய்யும். தெருவில் போகும் ஆட்கள், வண்டிகள், புகைபோக்கிப் புகை எல்லாம் மேசை மேல் நகரும். வந்தவர்களை முதலில் அங்கே நிறுத்தி, தங்கள் ஊரைத் தாங்களே முழுதாகப் பார்க்க வைத்துவிட்டு, அதன் பிறகே கீழ்த்தளங்களின் வரைபடங்களைக் காட்டுவார்கள்.

மெய்நிகர் நகரம், டிஜிட்டல் இரட்டை என்றெல்லாம் இன்று சொல்லப்படுகிற முப்பரிமாண நகர மாதிரிகளைத் திரையில் பார்க்கும்போது எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது. இது எங்கோ நடக்கிற வேடிக்கை அல்ல. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசியப் புவியிடக் கொள்கை இரண்டு கெடுக்களைச் சொல்கிறது. 2030-க்குள் நாடு முழுவதற்கும் மிகத் துல்லியமான நில அளவை வரைபடம். சமவெளிகளில் தரையின் உயரம் 25 சென்டிமீட்டர் துல்லியத்துக்குத் தெரிய வேண்டும். 2035-க்குள் முக்கிய நகரங்களுக்கும் பட்டணங்களுக்கும் டிஜிட்டல் இரட்டை. இதற்கிடையே 2025 பிப்ரவரியில் ‘நக்ஷா’ திட்டத்தின் கீழ் 152 நகராட்சி அமைப்புகளில் வானிலிருந்து நிலம் அளக்கும் வேலை தொடங்கியது. நாம் குடியிருக்கிற தெருவும் கூடிய சீக்கிரம் ஏதோ ஒரு திரைக்குள் போகத்தான் போகிறது. அந்தத் திரையை யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள் என்பதைப் பற்றி இப்போதே பேசிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில், இதை எப்படிச் செய்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ நொடிக்கு லட்சக்கணக்கில் லேசர் துடிப்புகளைத் தரையை நோக்கி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு துடிப்பும் எதன் மீதாவது பட்டுத் திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து அந்தப் புள்ளியின் உயரம் கணக்கிடப்படுகிறது. கோடிக்கணக்கான புள்ளிகள் சேரச் சேர, கூரை, தண்ணீர்த் தொட்டி, மரக்கிளை, மின்கம்பி என்று ஊர் உருவம் பெறும். இலைகளின் இடுக்கில் புகுந்து மண்ணைத் தொட்ட துடிப்புகளை மட்டும் பிரித்தெடுத்தால், கட்டடமும் மரமும் நீங்கிய வெறுந்தரை கிடைக்கும். இதற்கு ‘லைடார்’ என்று பெயர். இந்த உருவத்தின் மீது நில உரிமை, குழாய்கள், வடிகால்கள், பேருந்துத் தடங்கள், மக்கள்தொகை என்று ஒவ்வொரு விவரமாக ஏற்றுவார்கள். அதன் பிறகு அந்த நகரத்திடம் கேள்வி கேட்கலாம். இந்த இடத்தில் இருபது மாடி எழும்பினால் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் வெயில் எத்தனை மணி வரை விழும்? இந்தப் பாலத்தை அகலப்படுத்தினால் ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு உயரும்?

சிங்கப்பூரில் இருக்கும் நம் வாசகர்கள் இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடிகள். 2014-இல் அறிவிக்கப்பட்ட ‘விர்ச்சுவல் சிங்கப்பூர்’ திட்டத்துக்கு 7.3 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கினார்கள். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் நில ஆணையமும் அரசுத் தொழில்நுட்ப அமைப்பும் கைகோத்தன. மென்பொருள் தளத்தைப் பிரான்ஸின் தசோ சிஸ்டம்ஸ் உருவாக்கியது. எந்தக் கூரையில் சூரியத் தகடு வைத்தால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும், அடுக்குமாடிகளுக்கு இடையே காற்று எப்படிப் புகுந்து வரும் என்றெல்லாம் அதில் கணித்துப் பார்க்கலாம். என்னைக் கவர்ந்தது இன்னொன்று. சக்கர நாற்காலியில் போகிறவர் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை படியே இல்லாமல், சரிவுப் பாதைகள் வழியாகவே போய்ச்சேர வழி எது என்பதையும் அந்த மாதிரி காட்டக்கூடியதாக வடிவமைத்தார்கள். முதியவர்கள் பெருகிவரும் ஒரு நாட்டில் மிகப்பெரிய கோபுரத்தை விட இந்தச் சின்னச் சரிவுதான் முக்கியம் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அந்த யோசனைக்குத் தலைவணங்குகிறேன். 2017-இலிருந்து அவர்கள் மண்ணுக்குக் கீழேயும் இறங்கிவிட்டார்கள். பூமிக்கடியில் ஓடும் குழாய்களையும் கம்பிகளையும் நம்பகமாக வரைபடத்தில் ஏற்ற, சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து தனித் திட்டமே தொடங்கினார்கள். ஒரு துறை தார் போட, மறுவாரம் இன்னொரு துறை குழி தோண்டுவதைப் பார்த்துச் சலித்த நம் ஊர்களுக்கு இது எவ்வளவு தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சிங்கப்பூரின் மாதிரி பெரும்பாலும் அரசு அமைப்புகளின் பயன்பாட்டுக்கானது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி வேறு வழியில் போனது. 1980-களிலேயே முப்பரிமாண மாதிரிகளில் கை வைத்த நகரம் அது. 2015-இல் தொடங்கிய பணியில் நகரம் முழுவதற்கும் புதிய மாதிரிகளைச் செய்து, அவற்றைத் திறந்த தரவாக இணையத்தில் வைத்துவிட்டார்கள். கல்லூரி மாணவர், கட்டடக் கலைஞர், தெருமுனையில் குடியிருப்பவர் யாரானாலும் இறக்கிக்கொள்ளலாம். பழைய துறைமுகம் இடம்பெயர்ந்த பிறகு அந்த நிலத்தில் எழுந்துவரும் கலாசதாமா என்ற குடியிருப்புக்கு டிஜிட்டல் இரட்டை செய்து, கடலிலிருந்து வரும் காற்று உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே எப்படிச் சுழலும் என்று பார்த்தார்கள். குளிர் நாட்டில் ஒரு முற்றம் மக்கள் உட்காரும் இடமாக இருக்குமா, ஆளே இல்லாமல் கிடக்குமா என்பதைக் காற்று தீர்மானித்துவிடும். கட்டி முடித்த பிறகு தெரிந்து என்ன பயன்? இந்த இரண்டு ஊர்களில் எது நமக்கு முன்மாதிரி என்று என்னைக் கேட்டால், தயங்காமல் ஹெல்சிங்கி என்பேன். காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையில் திட்டமிடல் பற்றிப் பேசினால் அது தண்ணீரைப் பற்றிய பேச்சாகத்தான் முடியும்.

1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் எஃகுச் சங்கிலியை விரித்து, பெரும்பாக்கம் திசையில் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவையே குறுக்கும் நெடுக்கும் அளந்து முடித்த மாபெரும் முக்கோண அளவை அந்த வேலையின் தொடர்ச்சிதான். சங்கிலி பிடித்து அளக்க மேடு பள்ளம் இல்லாத சமதரை வேண்டும். அது இங்கே கிடைத்தது. லாம்டனுக்கு வசதியாக இருந்த அந்தச் சமதரைதான் நமக்குச் சோதனை. கடல்மட்டத்திலிருந்து சராசரியாக ஆறேழு மீட்டர் உயரத்தில் இருக்கிற நகரம் இது. மேற்கே பெய்த மழை கிழக்கே கடலுக்குப் போக இருக்கிற சரிவு மிகமிகக் குறைவு. வேளச்சேரியில் அரை அடி உயர வித்தியாசம், ஒரு வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவுகள் பெரும்பாலும் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் இருக்கும். உயரத்தில் சில மீட்டர் பிழையும் இருக்கலாம். நீலகிரிக்கு அது போதும். சென்னையில் அந்தப் பிழை ஊரின் மொத்தச் சரிவையே விழுங்கிவிடும். தண்ணீர் வடக்கே ஓடுமா தெற்கே ஓடுமா என்பதையே தலைகீழாகக் காட்டிவிடலாம். அதனால்தான் 25 சென்டிமீட்டர் துல்லியம் என்ற அந்த ஒற்றை வரி, தமிழகக் கடலோர ஊர்களுக்குக் கொள்கையின் மற்ற எல்லா வரிகளையும் விட முக்கியம். இதற்காகச் செலவழிக்கிற பணம் வீண் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் துல்லியமான லேசரும் தானாக எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளாது. ஓர் உதாரணம். கால்வாய்க்கு மேலே பாலம் இருந்தால், வானிலிருந்து வரும் லேசர் பாலத்தின் மேல்தளத்தில் பட்டுத் திரும்பிவிடும். கணினிக்கு அது கால்வாயின் குறுக்கே கட்டிய அணை. அப்படியே விட்டால் தண்ணீர் பாலத்துக்கு முன்னால் தேங்கி ஊருக்குள் திரும்புவதாகக் கணக்கு வரும். எனவே, ஒவ்வொரு பாலத்தையும் சிறுபாலத்தையும் தேடிப்பிடித்து, மாதிரியில் அந்த இடத்தை வெட்டித் தண்ணீருக்கு வழிவிட வேண்டும். அந்தச் சிறுபாலத்தின் கண் உண்மையில் பிளாஸ்டிக் குப்பையால் அடைத்துக் கிடந்தால்? மாதிரியில் வழி திறந்திருக்கும்; தெருவில் மூடியிருக்கும். அது அடைத்துக் கிடக்கிறது என்பது எதிர்வீட்டுக்காரருக்கும் வார்டு துப்புரவுப் பணியாளருக்கும் தெரியும். அவர்களைக் கேட்காமல் செய்த மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறான பதிலைத்தான் சொல்லும்.

சாலை விஷயமும் இப்படித்தான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, பல தெருக்களில் சாலை வீட்டு வாசலுக்கு மேலே ஏறிவிட்டது. பழைய வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொள்ளும் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வசதி இல்லாதவர்கள் பள்ளத்தில் தங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும், ஒவ்வொரு மனை மண் கொட்டி உயர்த்தப்படும்போதும் தண்ணீரின் வழி மாறுகிறது. ஒருமுறை அளந்து, விழா எடுத்துத் தொடங்கிவைத்து, பிறகு தொடாமல் விட்ட மாதிரி நாலைந்து மழைக்காலத்தில் பழைய ஊரைக் காட்டிக்கொண்டிருக்கும். செய்வதற்கு ஒதுக்கும் பணத்தைப் போலவே, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் பணம் ஒதுக்கினால்தான் இது கருவி. இல்லையென்றால் வெறும் காட்சிப்பொருள்.

பழைய வரைபடங்களையும் இந்த மாதிரிக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தியாகராய நகர் எழுந்தது 1920-களில் தூர்க்கப்பட்ட நீண்ட ஏரியின் மேல். 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்தது. 2022-இல் பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எஞ்சியிருந்தது சுமார் 1,248 ஹெக்டேர். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் இந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். நம் கிராம வரைபடங்களிலும் புலப்படங்களிலும் ஏரியும் கலங்கலும் வரத்து வாய்க்காலும் சர்வே எண்ணோடு பதிவாகியிருக்கின்றன. நில அளவர்கள் வெயிலில் சங்கிலி இழுத்துக் கல் நட்டு எழுதிவைத்த அந்தப் பதிவுகளை லேசர் தரையோடு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்தக் கட்டடம் எந்த வாய்க்காலை மறித்து நிற்கிறது என்பது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரியும். தண்ணீர் அந்தப் பழைய வழிகளை ஒருநாளும் மறக்கவில்லை. 2015, 2023 வெள்ளங்களில் அது அங்கேயே திரும்பி வந்தது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. எந்தத் தெரு மூழ்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அன்று யாரிடமும் வரைபடம் இல்லை. அந்த வேளையில் பொதுமக்களே திறந்த இணைய வரைபடம் ஒன்றில் தங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஒவ்வொரு தெருவாகத் தொட்டுக் குறித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்கள் அதில் நிறம் மாறின. படகோடு போனவர்களுக்கும் உணவுப் பொட்டலம் எடுத்துப் போனவர்களுக்கும் அது வழி சொன்னது. வெள்ளம் வடிந்த பிறகு, சென்னைக்கென்று வெள்ள எச்சரிக்கை அமைப்பு ஒன்று உருவானது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், ஐஐடி பம்பாய், ஐஐடி சென்னை, அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு சேர்ந்து 2019-இல் அதைக் கொண்டுவந்தது. மழை முன்னறிவிப்பு, ஆற்று நீர், கடலின் ஏற்றவற்றம், தரையின் உயரம் ஆகியவற்றை ஒன்றாக வைத்துக் கணக்கிட்டு, வார்டு வாரியாக எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று சொல்ல முயலும் அமைப்பு அது. கடல் பொங்கி நிற்கிற நேரத்தில் அடையாற்று முகத்துவாரம் தண்ணீரை வாங்காது என்பதை மீனவர்கள் எப்போதும் சொல்வார்கள். அது இப்போது கணக்கிலும் ஏறிவிட்டது.

இவ்வளவும் நல்ல தொடக்கம். ஆனால் எச்சரிக்கை என்பது கடைசிக் கட்டம். தண்ணீர் வருகிறது, மாடிக்கு ஏறுங்கள் என்று சொல்லும் அதே கணினி, பத்து வருடம் முன்பே இங்கே கட்டாதீர்கள் என்று சொல்லியிருக்க முடியும். கட்டட அனுமதிக்கும் மனைப்பிரிவு ஒப்புதலுக்கும் முன்னால் அதைக் கேட்கிறோமா என்பதுதான் உண்மையான கேள்வி.

பெரும்பாக்கத்தை மறுபடி பாருங்கள். லாம்டன் சங்கிலி பிடித்த திசையில், சதுப்பு நிலத்தின் ஓரத்தில், இன்று அடுக்கடுக்காக மறுகுடியமர்வு வீடுகள் நிற்கின்றன. அருகே கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டிருந்த குடும்பங்கள் பலவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. போய்ச் சேர்ந்த இடத்திலும் மழைக்காலத்தில் தண்ணீர் சூழ்கிறது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு, பழைய இடத்தில் நடந்து போன வேலைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டியதாயிற்று. ஒரு நல்ல நகர மாதிரியில் தண்ணீரின் உயரத்தை மட்டுமல்ல, இந்தப் பேருந்து நேரத்தையும் பள்ளிக்கூட தூரத்தையும் பிரசவ ஆஸ்பத்திரிக்கான வழியையும் கணக்கிட்டுப் பார்த்திருக்கலாம். சாமானியரின் ஒரு நாளை உள்ளே விடாத எந்த மாதிரியையும் நான் நகர மாதிரி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது கட்டடங்களின் பட்டியல்.

இந்த இடத்தில் கென்யாவின் நைரோபியைச் சொல்ல வேண்டும். அங்கே கிபேரா என்ற மிகப் பெரிய குடிசைப் பகுதி, 2009 வரை வரைபடங்களில் ஏறக்குறைய வெற்றிடமாகவே இருந்தது. அவ்வளவு ஜனம் வாழும் இடத்தில் பள்ளியும் இல்லை, கழிப்பறையும் இல்லை, கடையும் இல்லை என்பது போல. அந்த ஆண்டு அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் கையில் ஜிபிஎஸ் கருவியை எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்து, தண்ணீர்க் குழாய், மருந்தகம், விளக்கில்லாத மூலை என்று ஒவ்வொன்றையும் திறந்த வரைபடத்தில் ஏற்றினார்கள். வரைபடத்தில் இல்லாத தெருவுக்கு வடிகால் திட்டம் வராது. நம் ஊர்களிலும் புறம்போக்கில் இருப்பதாலேயே பதிவில் இல்லாத தெருக்கள் எத்தனை இருக்கின்றன? 2035-இல் வரப்போகும் டிஜிட்டல் இரட்டையில் அந்தத் தெருக்களுக்கு இடம் உண்டா? இதை இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

ஹெல்சிங்கியை ஏன் முன்மாதிரி என்றேன் என்பதற்கு வருகிறேன். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி ஒரு முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவை வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் பெற இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் பெரிய உரிமை இது. ஆனால் மஞ்சள், சிவப்பு, ஊதா என்று வண்ணம் பூசிய வரைபடத்தையும் நூற்றுக்கணக்கான பக்க அறிக்கையையும் பார்த்து, தன் தெருவுக்கு என்ன ஆகப்போகிறது என்று எத்தனை பேரால் புரிந்துகொள்ள முடியும்? மனை வணிகம் செய்பவருக்குப் புரியும். அவரிடம் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். காய்கறிக் கடை வைத்திருப்பவருக்குப் புரியாது. அதே வரைவை முப்பரிமாண மாதிரியாகத் திறந்துவிட்டால், அவர் தன் கடைக்கு முன்னால் நின்று பார்க்கலாம். இந்தப் பக்கம் மேம்பாலம் இறங்கும், அந்தப் பக்கம் பன்னிரண்டு மாடி எழும், மழை நாளில் தண்ணீர் இதுவரை ஏறும் என்று தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு, வேண்டாம் என்றோ சரி என்றோ சொல்லலாம். இந்தத் தொழில்நுட்பத்தின் மிகப் பெரிய பயன் இதுதான் என்று நான் நம்புகிறேன். அதிகாரியின் அறைக்குள்ளேயே அது பூட்டிக் கிடந்தால், பழைய காகிதத்துக்குப் பதிலாக ஒளிரும் திரை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பாதுகாப்புக் காரணம் சொல்வார்கள். அணு உலையையும் ராணுவ முகாமையும் மறைத்துக்கொள்ளட்டும். யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. தனிமனிதர்களின் விவரங்களையும் கட்டாயம் மறைக்க வேண்டும். ஆனால் தரையின் உயரமும் வடிகாலின் ஆழமும் ஏரியின் எல்லையும் ரகசியமாக இருக்க எந்த நியாயமும் இல்லை. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசே வரைபடத் தரவுகள் மீதிருந்த பழைய கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்திவிட்டது. சென்னைப் பெருநகருக்கு 2026 முதல் 20 ஆண்டுகளுக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகும் காலம் இது. மற்ற நகரங்களுக்கும் வரிசையாக முழுமைத் திட்டங்கள் வரும். கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் அமையாது.

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் உங்கள் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்து, புலப்படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்கள் மனைக்குப் பக்கத்தில் வாய்க்கால், ஏரி, நீர்நிலைப் புறம்போக்கு என்று ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று கவனியுங்கள். கைப்பேசியில் பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பெரியவர்களிடமிருந்து, எந்த வருடம் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கமாக வடிந்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். தெருப் பெயரோடும் ஆண்டோடும் எங்களுக்கும் அனுப்புங்கள். வந்து சேர்வதை ஊர் வாரியாகத் தொகுத்து இதழில் வெளியிடுவோம்.

நகரங்களில் இப்போது பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். எங்கள் பகுதியின் தரை உயர வரைபடம் எங்கே, வெள்ள மாதிரி எங்கே, அதை எங்களுக்கு எப்போது திறந்து காட்டுவீர்கள் என்று கேட்டு, அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்